ஏர் லாக்கருக்குக் காற்று அமைப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

ஒரு ஜீப்பையோ பிக்கப்பையோ பின்னாலிருந்து குனிந்து பார்த்தால், ஆக்சிலின் நடுவே உருண்டையாகப் புடைத்து நிற்கும் பாகம் ஒன்று தெரியும். டிஃபரன்ஷியல் அதற்குள்ளேதான் இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உட்பக்கச் சக்கரத்துக்குக் கொஞ்ச தூரம் போதும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பது டிஃபரன்ஷியலின் வேலை. அது இல்லாவிட்டால் தார் ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் தேய்ந்துகொண்டே திரும்பும்.

காட்டுப்பாதையில் இதே குணம்தான் தொல்லையாகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலோ அந்தரத்தில் தூக்கிக்கொண்டாலோ, அதைச் சுற்ற ஏறக்குறைய விசையே தேவைப்படாது. அந்தச் சொற்ப விசையேதான் மறுபக்கம் கெட்டியான தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஒன்று வீணாகச் சுற்றும், மற்றது அசையாது. நான்கு சக்கர டிரைவ் போட்டிருந்தாலும், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் குறுக்காகத் தூக்கிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

லாக்கர் என்பது இந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும் அமைப்பு. பூட்டியதும் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். பிடிப்பு இருக்கும் சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும். பூட்டுவதற்குப் பல வழிகள் உண்டு. மஹிந்திரா தாரில் வரும் மெக்கானிக்கல் லாக்கர், இரு சக்கரங்களின் வேக வித்தியாசத்தை உணர்ந்து தானாகவே பூட்டிக்கொள்ளும். ஃபோர்ஸ் கூர்க்காவில் டிரைவர் லீவரை இழுத்துப் பூட்ட வேண்டும். சில வண்டிகளில் மின்காந்தம் பூட்டுகிறது. காற்றழுத்தத்தால் பூட்டுவது ஏர் லாக்கர். இதில் உலகெங்கும் அறிமுகமான பெயர் ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி. 1975ல் மெல்பர்னில் தொடங்கிய அந்த நிறுவனம், 1987ல் ராபர்ட்ஸ் டிஃப் லாக் என்ற ஆஸ்திரேலிய வடிவமைப்பை வாங்கி, அதையே ஏர் லாக்கராக வளர்த்தெடுத்தது. இந்தக் கட்டுரையில் உதாரணங்கள் பெரும்பாலும் அந்த வகையைச் சார்ந்தவை.

லாக்கரை ஆக்சிலுக்குள் பொருத்துவது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. கியர் பல்லும் பல்லும் சேரும் இடைவெளியை நூலிழை துல்லியமாக வைக்கத் தெரிந்த கை வேண்டும். அதற்குக் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் அமைப்பை மட்டும், பொறுமையுள்ள யாரும் தங்கள் வீட்டு முற்றத்திலேயே செய்துவிடலாம். வயல்வரப்பிலோ மணல்மேட்டிலோ லாக்கர் கைவிட்டது என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் லாக்கர் நன்றாகவே இருக்கும். வழியில் எங்கோ காற்று கசிந்திருக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்தே மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று: லாக்கருக்குத் தேவைப்படும் காற்று மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் கசியாமல் இருக்க வேண்டும். கம்ப்ரசரின் பெருமையைப் பேசுபவர்கள் நிறையப் பேர். ஃபிட்டிங்கைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவது கூட்டத்தின் மீதுதான் நம்பிக்கை.

உள்ளே என்ன நடக்கிறது

கேபினில் ஸ்விட்ச்சைத் தட்டியதும், மின்சாரத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு திறக்கிறது. கம்ப்ரசரிலோ டேங்கிலோ காத்திருக்கும் காற்று, மெல்லிய நைலான் ட்யூப் வழியாக ஆக்சிலுக்குப் போகிறது. ஆக்சில் கூட்டுக்குள் ஒரு சின்னச் செப்புக் குழாய் அதை வாங்கி, சீல் ஹவுசிங் என்ற வளையத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. இந்த வளையம் அசையாமல் நிற்கும். அதற்குள்ளே டிஃபரன்ஷியலின் கழுத்து சுற்றிக்கொண்டிருக்கும். நிற்கும் பாகத்திலிருந்து சுற்றும் பாகத்துக்குக் காற்றைக் கடத்த வேண்டுமே, அங்கேதான் இரண்டு ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) காவல் இருக்கின்றன. ஓ-ரிங்குகளுக்கு நடுவே நுழைந்த காற்று, கழுத்திலுள்ள துளை வழியாக உள்ளே போய் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் நகர்ந்து, பல் வைத்த ஒரு வளையத்தை டிஃபரன்ஷியல் கூட்டோடு கோத்துவிடுகிறது. அவ்வளவுதான், பூட்டு விழுந்துவிட்டது.

ஸ்விட்ச்சை அணைத்தால் சோலினாய்டு, கம்ப்ரசர் பக்கத்தை மூடிவிட்டு லாக்கர் பக்கத்துக் காற்றை வெளியே விடும். அப்போது 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். ஸ்பிரிங் பிஸ்டனைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். இதனால்தான் இதற்கு மூன்று துளை கொண்ட வால்வு வேண்டும்: காற்று வர ஒன்று, லாக்கருக்குப் போக ஒன்று, காற்றை வெளியேற்ற ஒன்று. இரண்டே துளை உள்ள சாதாரணத் திறந்து மூடும் வால்வை மாட்டினால், பூட்டு விழும், திறக்காது. வெளியேறும் துளையில் சேறு அடைத்துக்கொண்டாலும் கதை அதேதான். அந்தத் துளை ஒருபோதும் மூடக்கூடாது. அதன் வாய் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கும்படி வால்வைப் பொருத்துங்கள்.

காற்றில்லாவிட்டால் லாக்கர் தானாகவே திறந்துகொள்ளும் என்பதை இங்கேயே கவனிக்கலாம். ட்யூப் அறுந்தால் வண்டி சாதாரண வண்டியாகிவிடும், ரோட்டில் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். நல்ல வடிவமைப்பு என்று நான் இதைச் சொல்வேன். ஆனால் பாறைச் சரிவின் நடுவில் அறுந்தால் அது ஆபத்து.

எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம்

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும். இந்த வேலைக்கு வரும் ட்யூப்பின் வெளிவிட்டம் 5 மில்லிமீட்டர். உள்விட்டம் 3 மில்லிமீட்டர் என்றும், சோலினாய்டிலிருந்து பின் ஆக்சில் வரை 4 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ட்யூப்பின் மொத்தக் கொள்ளளவு 28 மில்லிலிட்டர்தான். அதை 100 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு நிரப்ப, வெளிக்காற்றில் சுமார் 190 மில்லிலிட்டர் போதும். பிஸ்டன் அறையையும் சேர்த்தால் அரை லிட்டருக்குள் முடிந்துவிடும்.

இதை டயரோடு ஒப்பிடுங்கள். 265/70 ஆர்17 அளவுள்ள டயருக்குள் ஏறக்குறைய 70 லிட்டர் இடம் இருக்கும். மணலுக்காக 18 பிஎஸ்ஐக்கு இறக்கிய டயரை ரோட்டுக்காக 36க்கு ஏற்ற, ஒரு டயருக்கு 85 லிட்டருக்கு மேல் வெளிக்காற்று வேண்டும். நான்குக்கும் சேர்த்து 340 லிட்டர். லாக்கருக்கு அரை லிட்டர், டயர்களுக்கு 340 லிட்டர். இரண்டையும் ஒரே கம்ப்ரசரில் நடத்தலாம், ஆனால் எதற்காகப் பணம் செலவழிக்கிறீர்கள் என்பது இந்த இரண்டு எண்களில் தெரிகிறது. பெரிய கம்ப்ரசர் வாங்குவது டயருக்காக.

அழுத்த விஷயத்தில் லாக்கர் கண்டிப்பானது. ஏஆர்பி லாக்கர்களின் பழைய கையேடுகள் 85 முதல் 105 பிஎஸ்ஐ வரை என்று வரம்பு வைத்தன. இப்போது அந்த நிறுவனத்தின் கம்ப்ரசர்களில் வரும் பிரஷர் ஸ்விட்ச், அழுத்தம் 135க்கு இறங்கினால் மோட்டாரை ஓடவிட்டு 150ல் நிறுத்தும். உங்கள் லாக்கர் எந்தக் காலத்தது, அதன் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கம்ப்ரசரைச் சேர்க்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் முழுவதுமாகத் தள்ளாது, பற்கள் பாதி கோத்த நிலையில் நிற்கும். பாதி கோத்த பல்தான் உடைகிறது. அளவுக்கு மீறினால் ஓ-ரிங் சீக்கிரம் தேயும்.

ஜீப் ராங்க்ளர் டிஜே ரூபிகான் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. 2003 முதல் 2006 வரை வந்த அந்த வண்டிகளில் தொழிற்சாலையிலேயே காற்றால் இயங்கும் லாக்கர் உண்டு. ஆனால் அது வேலை செய்வது வெறும் 5 பிஎஸ்ஐ அளவில், அதற்கென்றே இரண்டு சிறிய பம்புகளோடு. அந்தப் பம்பு பழுதானதும் வெளிச்சந்தைக் கம்ப்ரசரின் 100 பிஎஸ்ஐயை நேராகக் கொடுத்தால் உள்ளே சீல் கிழிந்துவிடும். ரெகுலேட்டர் வைத்து அழுத்தத்தை இறக்கிய பிறகே கொடுக்க வேண்டும். அடுத்த தலைமுறை ரூபிகானில் ஜீப் நிறுவனம் மின் லாக்கருக்கு மாறிவிட்டது.

காற்றை எங்கிருந்து எடுப்பது

பெரும்பாலானவர்களுக்குச் சரியான பதில் 12 வோல்ட் மின் கம்ப்ரசர். ஒற்றை மோட்டார் வகை, டயர் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 60 லிட்டர் அளவில் தரும். இரட்டை மோட்டார் வகையான ஏஆர்பியின் பெரிய மாடல், 29 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு 131 லிட்டர் தரும் என்று நிறுவனமே குறிப்பிடுகிறது. மேலே போட்ட 340 லிட்டர் கணக்கை இவற்றால் வகுத்துப் பாருங்கள்: ஒற்றைக்கு ஏறக்குறைய ஆறு நிமிடம், இரட்டைக்கு மூன்று நிமிடத்துக்குள். ஹோஸை ஒவ்வொரு டயராக மாற்றிக்கொண்டு நடக்கும் நேரம் தனி. லாக்கரை மட்டும் இயக்க, இவற்றைவிடச் சின்னக் கம்ப்ரசரே போதும்.

கம்ப்ரசர் பெட்டியில் 'டியூட்டி சைக்கிள்' என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். 33 சதவீதம் என்றால் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடம் ஓடலாம், மீதி நேரம் ஆற வேண்டும். லாக்கருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. டயர் நிரப்புவதற்குத்தான் இந்த எண் முக்கியம்.

மின் கம்ப்ரசருக்கு முந்தைய வழிகள் இன்னும் சிலரிடம் உயிரோடு இருக்கின்றன. அமெரிக்காவில் பழைய ஜீப்காரர்கள் யார்க் என்ற ஏசி கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டில் ஓட்டி அதிலிருந்து காற்று எடுப்பார்கள். காற்று அபாரமாக வரும். கூடவே எண்ணெயும் வரும். அதைப் பிரிக்க வடிகட்டி வைக்காவிட்டால் லாக்கர் ட்யூப்பெல்லாம் எண்ணெயாகிவிடும். இன்னொரு வழி, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். சத்தமில்லை, மின்சாரம் வேண்டாம், டயர் நிமிடத்தில் நிரம்பும். ஆனால் அறை வெப்பநிலையில் சிலிண்டருக்குள் சுமார் 850 பிஎஸ்ஐ இருக்கும், வெயிலில் இன்னும் ஏறும். நல்ல ரெகுலேட்டர் இல்லாமல் அதை லாக்கர் பக்கம் திருப்பவே கூடாது. தீர்ந்தால் நிரப்ப ஊர் தேடிப் போக வேண்டும் என்பதால், தூரப் பயணத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

டேங்க் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டாயமில்லை, கம்ப்ரசரின் மேனிஃபோல்டில் (காற்று பல வழிகளுக்குப் பிரியும் கட்டையில்) தேங்கும் காற்றிலேயே லாக்கர் இயங்கிவிடும். ஆனால் வைத்தால் நல்லது, காரணமும் கணக்கிலேயே இருக்கிறது. 4 லிட்டர் டேங்க் 150லிருந்து 85 பிஎஸ்ஐக்கு இறங்கும்போது சுமார் 17 லிட்டர் வெளிக்காற்றைத் தரும். கம்ப்ரசர் மோட்டாரே எரிந்துபோனாலும், டேங்க் நிறைந்திருந்தால் முப்பது தடவைக்கு மேல் லாக்கரைப் பூட்டித் திறக்கலாம். அதே 17 லிட்டரால் ஒரே ஒரு டயரை 4 பிஎஸ்ஐகூட ஏற்ற முடியாது. டேங்க் இருந்தால் டயர் வேகமாக நிரம்பும் என்று நினைத்துப் பெரிதாக வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

டேங்க் வைத்தால் அதன் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்க வேண்டும். காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும், அது டேங்கின் அடியில் தேங்கும். ஏர் பிரேக் லாரி ஓட்டுநர்களுக்கு இது தெரிந்த விஷயம். டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவது அவர்களுக்குப் பழகிய வேலை. கடலோர ஈரக்காற்றில் இது இன்னும் அதிகம். அப்புறம் ஒரு சேஃப்டி வால்வு: பிரஷர் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடினால் காற்றை வெளியேற்ற, ஸ்விட்ச் நிறுத்தும் அழுத்தத்துக்குச் சற்று மேலே திறக்கும்படியாக. இதில் சமரசம் வேண்டாம்.

எங்கே மாட்டுவது, மின்சாரம் எப்படி

கம்ப்ரசருக்கு மூன்று எதிரிகள்: சூடு, தண்ணீர், தூசி. எஞ்சின் அறையில் இடம் எளிதாகக் கிடைக்கும், ஆனால் எக்சாஸ்ட் பக்கமும் டர்போ பக்கமும் வேண்டாம். கூடியவரை உயரமாக வையுங்கள்; ஆற்றைக் கடக்கும்போது அதன் காற்று வடிகட்டி தண்ணீரை உறிஞ்சினால் கம்ப்ரசர் அன்றோடு சரி. சீட்டுக்கு அடியிலோ பின்பக்கப் பெட்டியிலோ வைத்தால் தூசியும் தண்ணீரும் எட்டாது, சத்தத்தைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் பழைய தந்திப் பாதை போல நீரோடைகள் வரிசையாக வரும் வழிகளில் போகிறவர்களுக்கு நான் உள்ளே வைக்கத்தான் சொல்வேன்.

ஒற்றை மோட்டார் கம்ப்ரசர் 20 ஆம்பியருக்குமேல் இழுக்கலாம், இரட்டை அதைப்போல இரு மடங்கு. டாஷ்போர்டு ஸ்விட்ச் இதைத் தாங்காது. ஆகவே ஸ்விட்ச் ஒரு ரிலேவை மட்டும் இயக்கட்டும். ரிலே பேட்டரியிலிருந்து நேரே மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கட்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், கம்ப்ரசர் பக்கத்தில் அல்ல. நடுவழியில் வயர் உரசி பாடியைத் தொட்டால், தீப்பிடிக்கும் முன் அறுந்து காப்பாற்ற வேண்டியது அந்த ஃபியூஸ்.

வயர் தடிமனில் கஞ்சம் பிடிக்காதீர்கள். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தூரத்தில் கம்ப்ரசர் இருந்தால், போகவும் வரவும் 10 மீட்டர் வயர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 25 ஆம்பியர் ஓடினால் 1.75 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.7 வோல்ட் அளவுக்குக் குறையும். வோல்ட் குறைந்தால் மோட்டார் மெதுவாக ஓடும், அழுத்தம் ஏறும் தறுவாயில் திணறும், சூடாகும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் விறைப்பான வயரை வண்டியில் போட வேண்டாம், அதிர்வில் உடையும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வாகன வயர்தான் சரி.

ஸ்விட்ச் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கம்ப்ரசர் ஸ்விட்ச், அது போட்டால்தான் பின் லாக்கர் ஸ்விட்ச்சுக்கு மின்சாரம், பின் லாக்கர் போட்டால்தான் முன் லாக்கருக்கு மின்சாரம். முன் ஆக்சிலைப் பூட்டினால் ஸ்டீயரிங் கனத்துப் போகும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். தெரியாமல் முதலில் முன்பக்கத்தைத் தட்டிவிடாதபடி இந்த வரிசை பார்த்துக்கொள்கிறது. கம்ப்ரசர் ஸ்விட்ச்சுக்கு வரும் மின்சாரமும் சாவி போட்டால் மட்டும் வருவதாக இருக்கட்டும்.

ட்யூப்பும் ஃபிட்டிங்கும்

இந்த அமைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கம்ப்ரசர் வாங்க ஒரு மணி நேரம் செலவழித்தால், ட்யூப் ஓட்ட ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று கொதிக்கும் சூட்டில் இருக்கும். டேங்க் வைத்திருந்தால், கம்ப்ரசருக்கும் டேங்குக்கும் நடுவே உலோகப் பின்னல் போட்ட ஹோஸ்தான் போட வேண்டும். நைலான் ட்யூப் அங்கே இளகிவிடும். காற்று கம்ப்ரசருக்குள் திரும்பிக் கசியாதபடி அந்த வழியில் ஒருவழி வால்வு ஒன்றும் இருக்க வேண்டும். பல ஹோஸ்களில் அது சேர்ந்தே வரும்; கையில் எடுத்து ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். டேங்கிலிருந்து அடுத்து தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், தேவைப்பட்டால் ரெகுலேட்டர், அப்புறம் சோலினாய்டு. டயருக்கான இணைப்பை ரெகுலேட்டருக்கு முன்னாலேயே பிரித்துவிடுங்கள்.

சோலினாய்டிலிருந்து ஆக்சில் வரை நைலான் ட்யூப். அதைச் சாதாரண கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கிச் சாய்ந்துவிடும். சொருகும் ஃபிட்டிங்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் அந்தச் சாய்ந்த வாயில் சரியாக உட்காராது. புதுப் பிளேடால், ட்யூப்புக்குச் சரியான செங்குத்தாக வெட்டுங்கள். நுனியில் கீறல் இருந்தால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள், ட்யூப் விலை குறைவு. சொருகும்போது முதல் தடை வரும். அங்கே நிறுத்தாமல் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பிறகு இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது.

மரை பிடிக்கும் ஃபிட்டிங்குகளில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கச் சாமான்கள் பெரும்பாலும் என்பிடி மரை, இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூமேடிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது பிஎஸ்பி மரை. கால் அங்குல என்பிடியில் ஓர் அங்குலத்துக்கு 18 மரை, பிஎஸ்பியில் 19. மரைப் பல்லின் கோணமும் வேறு: ஒன்று 60 டிகிரி, மற்றது 55. ஒன்றை மற்றதில் சுற்றினால் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே போகும், இறுகியது போலவும் தோன்றும். டேப் சுற்றி அதை நிறுத்திவிட்டோம் என்று நினைப்பார்கள். நான்கு மாத அதிர்வில் கசியத் தொடங்கும். வாங்கும்போதே எந்த மரை என்று கேட்டு வாங்குங்கள், அல்லது இருக்கும் ஃபிட்டிங்கைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுற்றிப் பாருங்கள்.

டெஃப்லான் டேப் சுற்றினால் முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். நுனியில் பிய்ந்த டேப் துணுக்கு உள்ளே போனால் சோலினாய்டின் சின்னத் துளையில் உட்கார்ந்துகொள்ளும், வால்வு முழுதாக மூடாது. இந்த வேலைக்குத் திரவ சீலன்ட்டே மேல் என்பது என் கருத்து. அதையும் ஆண் மரையில் மட்டும், கொஞ்சமாக.

ட்யூப்பை சேஸிஸ் ஓரமாகக் கொண்டுபோங்கள். எக்சாஸ்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. கூர்மையான விளிம்பைத் தாண்டும் இடத்தில் மேலே இன்னொரு ட்யூப்பை உறையாகப் போட்டு. பிளாஸ்டிக் டையை நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். சேஸிஸிலிருந்து ஆக்சிலுக்குத் தாவும் இடம்தான் மிகவும் முக்கியம். காட்டுப்பாதையில் ஆக்சில் முழுதாகத் தொங்கும், முழுதாக மேலே ஏறும், ஒரு பக்கமாகச் சாயவும் செய்யும். பிரேக் ஹோஸ் எந்த வழியில் தாவுகிறதோ அதே வழியில் ட்யூப்பையும் அனுப்புவது பாதுகாப்பு. அந்த வண்டியைச் செய்தவர்கள் அந்த இடத்தை யோசித்துத்தான் தேர்ந்திருப்பார்கள். ஜாக்கியால் சேஸிஸைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அந்த நிலையிலும் ட்யூப்பில் தளர்வு மிச்சமிருக்க வேண்டும்.

ஆக்சில் கூட்டில் ட்யூப் நுழையும் ஃபிட்டிங், எண்ணெய் மட்டத்துக்கு மேலே, கல் அடிக்காத பக்கமாக இருக்க வேண்டும். இதற்குத் துளை போட்டு மரை வெட்டுவது லாக்கர் பொருத்தும்போதே மெக்கானிக் செய்யும் வேலை. துளையிடும் இரும்புத்தூள் உள்ளே விழாமல் பார்த்துக்கொண்டாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கூடவே, ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று வெளியே போய்வர வைத்திருக்கும் பிரீதர் குழாயையும் உயரத்துக்கு நீட்டச் சொல்லுங்கள். எப்போதாவது உள்ளே காற்று கசிந்தால் அது வெளியேறும் வழி பிரீதர்தான். அது அடைத்திருந்தால், காற்று ஆக்சில் முனை சீலைத் தள்ளி எண்ணெயை பிரேக் பக்கம் அனுப்பிவிடும்.

கசிவைத் தேடுவது

எல்லாம் மாட்டியாயிற்று. எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரசரைப் போடுங்கள். அழுத்தம் ஏறி மோட்டார் தானாக நிற்கும். இப்போது லாக்கர் எதையும் போடாமல் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். மோட்டார் மறுபடி ஓடக்கூடாது. ஓடினால் கசிவு சோலினாய்டுக்கு முன்னால் இருக்கிறது: டேங்க், மேனிஃபோல்டு, ஒருவழி வால்வு, டயர் இணைப்பு இவற்றில் ஒன்று. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

அது சரியாக இருந்தால் பின் லாக்கரைப் போட்டு மறுபடி காத்திருங்கள். போட்டதும் ஒரு கணம் மோட்டார் ஓடினால் பரவாயில்லை, ட்யூப் நிரம்புகிறது. அதற்குப் பிறகும் விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தால் கசிவு சோலினாய்டுக்கு அப்பால். ட்யூப் நெடுக சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெளியே எங்கும் குமிழி இல்லை, ஆனால் காற்று போகிறதா? பிரீதர் குழாயின் நுனியை ஒரு தண்ணீர் டம்ளருக்குள் விட்டுப் பாருங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் காற்று ஆக்சிலுக்குள்ளேயே கசிகிறது; செப்புக் குழாய் இணைப்போ சீல் ஹவுசிங் ஓ-ரிங்கோ பிஸ்டன் சீலோ போயிருக்கிறது. அதற்கு ஆக்சிலைப் பிரித்தாக வேண்டும். முன் லாக்கர் இருந்தால் அதையும் இதே முறையில் தனியாகச் சோதியுங்கள்.

லாக்கரை அணைக்கும்போது சோலினாய்டின் வெளியேறும் துளையில் எண்ணெய் துப்பினால், ஆக்சில் எண்ணெய் ட்யூப் வழியாக மேலே ஏறுகிறது. ஆக்சிலில் எண்ணெய் அதிகமாக ஊற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் துப்பினால் ஓ-ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

காற்று நிற்கிறது என்பதும் பூட்டு விழுகிறது என்பதும் வேறு வேறு. பின் ஆக்சிலை இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துங்கள், முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள், கை பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பதாக இருந்தால் அதையும் விடுவியுங்கள். ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். லாக்கரைப் போட்டு மறுபடி சுற்றுங்கள். பல் கோக்கக் கொஞ்சம் அசைய வேண்டியிருக்கும், பிறகு 'டக்' என்று விழும். அதன்பின் இரண்டும் ஒரே திசையில்தான் சுற்றும். அணைத்ததும் பழையபடி எதிர்த்திசைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஓட்டும்போது பூட்டுவது நின்ற நிலையிலோ ஊர்ந்து போகும்போதோ இருக்கட்டும். ஒரு சக்கரம் வெறித்தனமாகச் சுற்றும் நேரத்தில் போட்டால் பற்கள் அந்த வேகத்தோடு மோதும். ஆகவே பள்ளத்தில் இறங்கும் முன்பே யோசித்துப் போடுவதுதான் நல்ல பழக்கம். கெட்டியான ரோட்டுக்கு வந்ததும் உடனே அணையுங்கள். அணைத்தும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஆக்சிலில் முறுக்கு ஏறியிருக்கும். நேராகக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால் விட்டுவிடும்.

பயணத்தில் ஒரு சின்ன டப்பா தனியாக வைத்திருங்கள்: இரண்டு மீட்டர் ட்யூப், ட்யூப்போடு ட்யூப்பை இணைக்கும் ஃபிட்டிங் இரண்டு, ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, புதுப் பிளேடு. ட்யூப் அறுந்தால் அறுந்த நுனிகளைச் செங்குத்தாக வெட்டி, நடுவில் இணைப்பைச் சொருகினால் பத்து நிமிட வேலை. எந்த ஃபிட்டிங்கைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் கம்ப்ரசரை அணைத்து, டேங்க் காற்றை முழுவதும் வெளியேற்றி, கேஜில் பூஜ்யம் காட்டிய பிறகே ஸ்பேனரை வையுங்கள்.